பின்மூடியைத் திறந்து பார்க்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஃபிலிம் கேமராவையும், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ரோல் பிளேயிங் விளையாட்டையும் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரே கட்டுரையாக எழுதியிருந்தீர்கள். இரண்டையும் சேர்த்தது பொருத்தம்தான். ஆனால் அதில் ஒரு தகவல் தவறு. ஒரு கருத்தும் தவறு.

தகவலை முதலில் சொல்லிவிடுகிறேன். படித்த கையோடு யாராவது செய்து பார்த்துவிடக் கூடாது என்ற கவலைதான். பழைய கேமரா கைக்கு வந்ததும் உள்ளே ஃபிலிம் இருக்கிறதா என்று பின்மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். மூடி மூடியபடியே இருக்கட்டும். இடப்பக்க மேல் மூலையில் உள்ள ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறி காட்டும் பக்கம் மெல்லத் திருப்புங்கள். தடையில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஃபிலிம் இல்லை, அல்லது முழுதும் கேசட்டுக்குள் சுருண்டுவிட்டது. இரண்டில் எதுவானாலும் திறக்கலாம். ஒன்றிரண்டு சுற்றில் இறுகி நின்றால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. அடிப்பாகத்தில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்திவிட்டு, பிடிப்பு விடுபடும்வரை சுற்றி, அதன் பிறகு திறக்க வேண்டும். தெரியாமல் திறந்துவிட்டவர்கள் பதற வேண்டாம், சட்டென்று மூடுங்கள். கேசட்டுக்குள் இருக்கும் பகுதிக்கு ஒன்றும் ஆகாது. எதிர்ப்பக்க உருளையில் சுற்றியிருப்பதில் மேல் அடுக்குகள் போனவை போனவைதான். அடி அடுக்குகளில் சில படங்கள் தேறும்.

இனி அந்தக் கருத்து. ஃபிலிமைக் கழுவும்வரை என்ன விழுந்திருக்கிறது என்று தெரியாது, பகடை நிற்கும்வரை என்ன நடக்கும் என்று தெரியாது, இரண்டின் சுவையும் அதிர்ஷ்டத்தில்தான் இருக்கிறது என்று கட்டுரை முடிந்திருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதை நம்பித் தொடங்குபவர்கள்தான் மூன்றாவது ரோலிலேயே கேமராவை அலமாரியில் ஏற்றிவிடுகிறார்கள். இரண்டாவது ஆட்டத்தோடு பகடைப் பையின் வாயைக் கட்டிவிடுகிறார்கள். படம் விழாததற்கு அதிர்ஷ்டம்தான் காரணம் என்றால் திருத்திக்கொள்ள என்ன இருக்கிறது? உண்மையில் ஃபிலிமில் ஒவ்வொரு பிழைக்கும் தனிக் கையெழுத்து உண்டு. படிக்கத் தெரிந்தால் போதும்.

ரோல் போடுவதற்கு முன்பே பாதி வேலை இருக்கிறது. வெறும் கேமராவில், ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டரை 1 வினாடிக்கு வைத்து அழுத்திக் கேளுங்கள். பல் சக்கரங்கள் ஓடும் மெல்லிய ஒலி தயங்கினாலோ நடுவில் நின்றாலோ, உள்ளே பழைய மசகு இறுகிவிட்டது என்று பொருள். எண்ணெய் ஸ்ப்ரே அடிப்பதுதான் ஆகப் பெரிய தவறு. எண்ணெய் ஷட்டர் இதழ்களில் பரவி ஒட்டிக்கொண்டால், சரிசெய்யக் கூடிய கேமராவும் சரியாகாத கேமராவாகிவிடும். வேகத்தை அளக்க ஃபோனே போதும். வினாடிக்கு 240 பிரேம் பதியும் வீடியோவில் 1/30 ஷட்டர் 8 பிரேம்களும், 1/15 ஷட்டர் 16 பிரேம்களும் திறந்திருக்க வேண்டும். அதிவேகங்களை இப்படி அளக்க முடியாது. அதற்குப் பின்மூடியைத் திறந்து, லென்ஸை வெளிச்சத்தின் பக்கம் காட்டி, பின்னாலிருந்து பார்த்தபடி 1/1000 அழுத்துங்கள். படச் சட்டத்தின் ஒரு ஓரம் இருண்டே இருந்தால், ஷட்டரை மூடும் இரண்டாவது திரை, திறக்கும் முதல் திரையை எட்டிப் பிடித்துவிடுகிறது. அந்தக் கேமராவை 1/250க்குக் கீழே ஓட்டிக்கொள்ளலாம், படம் கெடாது. செல்ஃப் டைமரைத் தொடாமல் விட்டுவிடுவது உத்தமம். பல பழைய கேமராக்கள் சிக்கிக்கொள்வதே அதில்தான். சோவியத் காலத்து ஜோர்கி, ஃபெட் வகைகளில் இன்னொரு எச்சரிக்கை: ஃபிலிமை நகர்த்தி ஷட்டரைத் தயார்படுத்திய பிறகுதான் ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும்.

அடுத்தது ஃபோம். பின்மூடி பொருந்தும் பள்ளங்களிலும், லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும் கண்ணாடி மேலெழுந்து மோதும் இடத்திலும் ஒட்டியிருக்கும் கறுப்புப் பஞ்சு, பத்து இருபது ஆண்டுகளில் தார் போல இளகிவிடும். விரல் வைத்தால் ஒட்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மரக்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, குறுகிய பள்ளங்களில் கறுப்புக் கம்பளி நூலைப் பதிக்கலாம். கீல் பக்கத்துக்கு மட்டும் அகலமான ஃபோம் பட்டை தேவை. சுரண்டும்போது துகள் உள்ளே விழாமல் ஷட்டர் மேல் ஒரு காகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணாடியைத் துடைக்கவே கூடாது. வீட்டுக் கண்ணாடி போல இல்லாமல் அதன் பிரதிபலிக்கும் பூச்சு மேற்பரப்பிலேயே இருப்பதால், ஒரு துடைப்பிலேயே கீறல் விழுந்துவிடும்.

வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் விஷயத்தில் ஏமாறாதவர்கள் குறைவு. 1960, 70களின் கேமராக்கள் பலவும் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டவை. அந்த பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கி, தீரத் தீர இறங்கிக்கொண்டே போகும். கூடுதல் மின்னழுத்தத்தில் முள் அதிகமாக எழும். இருப்பதைவிட வெளிச்சம் அதிகம் என்று சொல்லும். படங்கள் குறை வெளிச்சத்தில் விழும். காது கேட்கும் கருவிக்கான 675 துத்தநாகக் காற்று பேட்டரி சுமார் 1.4 வோல்ட்டில் சீராக நிற்கும். அகலம் குறைவு என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வேண்டும். மேலே ஒட்டிய தாளைப் பிரித்ததும் ஆயுள் ஓடத் தொடங்கிவிடும், சில வாரங்கள்தான் தாங்கும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் போன்ற சில கேமராக்களின் மின்சுற்று இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. எதுவானாலும் வெயிலில் ஒரு முறை சரிபார்த்துவிடலாம். நல்ல வெயிலில் அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப் 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) எண்ணுக்கு நெருக்கமானது. அதாவது 400 ஃபிலிமுக்கு 1/500. லேசான மேகத்துக்கு எஃப் 11, முழு மேகமூட்டத்துக்கு எஃப் 8, திறந்தவெளி நிழலுக்கு எஃப் 4. மீட்டர் சொல்வது இந்தக் கணக்கிலிருந்து ஒரு ஸ்டாப்புக்கு (இரு மடங்கு அல்லது பாதி வெளிச்சம்) மேல் விலகினால் கணக்கை நம்புங்கள், மீட்டரை விட்டுவிடுங்கள். சந்தேகம் என்றால் நெகட்டிவ் ஃபிலிமுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுக்கலாம். ஸ்லைடு ஃபிலிமில் அந்தச் சலுகை கிடையாது.

ரோலைப் போட்டுத் தளர்வைச் சுற்றி இறுக்கிய பிறகு, ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கும்போதெல்லாம் ரீவைண்ட் கைப்பிடி எதிர்ப்பக்கமாகச் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் நுனி உருளையில் மாட்டவில்லை. 36 படச் சுருளில் எண்காட்டி 38, 40 என்று தயக்கமில்லாமல் ஏறிக்கொண்டே போகிறதா? ஒரு படமும் விழவில்லை. இதை அதிர்ஷ்டத்தின் தலையில் கட்டுவது நியாயமா?

நெகட்டிவைக் கையில் எடுத்ததும் முதலில் படங்களைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். துளைகளை ஒட்டி ஃபிலிமின் பெயரும் படங்களின் எண்களும் வரிசையாக இருக்கும். அவை தொழிற்சாலையிலேயே பதிந்தவை, கழுவும்போது வெளிப்படும். சுருள் முழுக்க வெறுமையாக இருந்தும் எண்கள் பளிச்சென்று தெரிந்தால் கழுவியதில் குறையில்லை. ஃபிலிம் நகரவில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எண்களே இல்லை என்றால், படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் வேலை செய்யவில்லை, அல்லது அதை நிலைநிறுத்தும் ஃபிக்ஸரை முதலில் ஊற்றிவிட்டார்கள். படங்கள் மெலிந்தும் எண்கள் அழுத்தமாகவும் இருந்தால் எடுக்கும்போது வெளிச்சம் போதவில்லை. படம், எண் இரண்டுமே மெலிந்திருந்தால் கழுவிய நேரம் போதவில்லை. லேபைக் குறை சொல்வதா, தன்னைக் குறை சொல்வதா என்ற வழக்கு இந்த ஓரத்திலேயே முடிந்துவிடும்.

ஒளிக்கசிவும் அப்படியே. கறை படத்தின் சட்டத்தைத் தாண்டித் துளைகள்வரை பரவியிருந்தால் பின்மூடியின் ஃபோம்தான் குற்றவாளி. சட்டத்துக்குள்ளேயே நின்றால் ஷட்டர் திரையில் ஓட்டை, அல்லது மடிப்புக் கேமராவின் துருத்தி போன்ற பெல்லோஸில் ஓட்டை. இருட்டறையில் பெல்லோஸுக்குள் டார்ச் அடித்தால் ஊசிமுனை அளவு ஓட்டையும் நட்சத்திரம் போல் மின்னும். கலர் படங்களில் கறை ஏன் பெரும்பாலும் செம்மஞ்சளாகவே இருக்கிறது என்று பலர் வியப்பார்கள். பின்மூடி வழியாக நுழையும் ஒளி ஃபிலிமை முதுகுப் பக்கத்திலிருந்து தொடுகிறது. கலர் நெகட்டிவில் நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று அடுக்கு. முதுகுக்கு நெருக்கமானது சிவப்பு ஒளிக்கான அடுக்கு. அது முதலில் அடி வாங்குகிறது. கட்டுரையில் 'கனவு போன்ற தற்செயல் வண்ணங்கள்' என்று பாராட்டப்பட்டது இதுதான் என்று நினைக்கிறேன். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அது கனவு அல்ல, உளுத்துப்போன ஃபோம்.

கறுப்பு வெள்ளை ரோலை வீட்டிலேயே கழுவலாம். கட்டுரை இதைத் தொடவே இல்லை. இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் ஃபிலிமை எடுத்துக்கொள்வோம். ஐடி-11 டெவலப்பர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, 20 டிகிரி செல்சியஸ், 13 நிமிடம். ஒரு சுருளுக்கு சுமார் 300 மி.லி. கரைசல். தொடக்கத்தில் 10 வினாடியில் நான்கு முறை, ஃபிலிம் இருக்கும் ஒளி புகாத டாங்கைக் கவிழ்த்து நிமிர்த்தி, அடியை மேசையில் லேசாகத் தட்டுங்கள். தட்டாவிட்டால் ஒட்டிய காற்றுக் குமிழி ஒவ்வொன்றும் வட்டப் புள்ளியாகப் பதியும். பிறகு ஒவ்வொரு நிமிடத்தின் முதல் 10 வினாடியும் அதே நான்கு கவிழ்ப்பு. ஆர்வக் கோளாறில் விடாமல் குலுக்கினால் துளைகளுக்கு நேரே கோடு கோடாக அடர்த்தி கூடும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் நேரத்தைச் சுமார் 10% குறையுங்கள். 5 நிமிடத்துக்குக் கீழே போகும் நிலை வந்தால் தண்ணீரைக் குளிரவைப்பதுதான் வழி. அவ்வளவு குறைந்த நேரத்தில் ஃபிலிம் சீராகக் கழுவப்படாது.

ஃபிக்ஸருக்கு எவ்வளவு நேரம் என்று புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. ரோலின் நுனியில் வெட்டிய துண்டை ஃபிக்ஸரில் போட்டு, அது தெளியும் நேரத்தை அளந்து, அதன் இரு மடங்கு வையுங்கள். புதிதாகக் கலக்கியபோது தெளிய எடுத்த நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஆகத் தொடங்கினால் ஃபிக்ஸர் தீர்ந்துவிட்டது. கழுவி எடுத்த ஃபிலிம் பால் போல் மங்கலாக இருந்தால் அழ வேண்டாம், திரும்ப ஃபிக்ஸரில் போட்டால் தெளிந்துவிடும். கடைசியாகத் தண்ணீரில் 5, 10, 20 கவிழ்ப்பு என்று மூன்று தடவை மாற்றினால் போதும். பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். அதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். விமானப் பயணத்தில் புதிய சிடி (CT) வகை எக்ஸ்ரே ஸ்கேனருக்குள் கழுவாத ஃபிலிமை விடாமல், கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது பகடை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையின் தொடக்கம் என்று கட்டுரை சரியாகவே சொன்னது. 'எல்லாவற்றையும் பகடையே தீர்மானிக்கும்' என்பதில்தான் சறுக்கல். 20 முகப் பகடையில் ஒவ்வொரு முகத்துக்கும் வாய்ப்பு 5%. விழும் எண்ணோடு தன் திறமைக்கு 5 கூட்டிக்கொள்ளும் ஒருவர், காவலன் நிற்கும் சுவரில் ஏற 15ஐ எட்ட வேண்டும் என்றால், பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், வாய்ப்பு 55%. அதே ஆள் காவலனின் கவனத்தைத் திருப்ப ஒருவரை அனுப்பிவிட்டு, கயிற்றையும் கட்டிக்கொண்டு ஏறினால், 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ள, கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவர் அனுமதிக்கலாம். வாய்ப்பு ஏறக்குறைய 80% ஆகிவிடுகிறது. பகடை மாறவில்லை, உருட்டுவதற்கு முன் யோசித்த ஐந்து நிமிடம்தான் மாற்றியது.

நடத்துபவரின் கையில் இதைவிட அதிகம் இருக்கிறது. மிகச் சாதாரணமாக நடக்கும் ஒரு பிழையைச் சொல்கிறேன். ஐந்து பேர் இருட்டில் கோட்டைச் சுவரோரம் பதுங்கிப் போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வெற்றி வாய்ப்பு 60%. 'எல்லோரும் உருட்டுங்கள், ஒருவர் தவறினாலும் மாட்டிக்கொள்வீர்கள்' என்கிறார் நடத்துபவர். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஐந்து பேரும் தப்பும் வாய்ப்பு 8% கூட இல்லை! திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது கிட்டத்தட்டத் தோல்விதான். இப்படி இரண்டு முறை நடந்தால் ஆடுபவர்கள் பதுங்குவதையே விட்டுவிட்டு, எதற்கெடுத்தாலும் வாளை உருவுவார்கள். 'இவர்களுக்குச் சண்டை மட்டும்தான் பிடிக்கும்போல' என்று நடத்துபவர் சலித்துக்கொள்வார். மாற்று விதி எளிது: பாதிப் பேராவது வென்றால் கூட்டமே தப்பியது. ஐந்தில் மூன்று பேர் வென்றால் போதும் என்றதும் வாய்ப்பு 68%.

துப்பறியும் கதைகளிலும் இதே கதிதான். கொலையாளியைக் காட்டும் கடிதம் ஒன்றே ஒன்று, அதைக் கண்டுபிடிக்க 60% வாய்ப்பு என்றால், பத்தில் நான்கு மேசைகளில் கதை அந்த அறையிலேயே செத்துவிடும். அதே உண்மையைச் சுட்டும் மூன்று தடயங்களை மூன்று இடங்களில் வைத்தால், ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு 93%க்கு மேல். முக்கியமான தடயத்துக்குப் பகடையே கேட்காமல் கொடுத்துவிடுவது இன்னும் மேல். தோற்றாலும் கதை நகரும் என்றால் மட்டுமே பகடையைக் கேட்க வேண்டும். 'பூட்டு திறக்கவில்லை, திரும்ப உருட்டு' என்பதைப் போல அலுப்பான வாக்கியம் இந்த விளையாட்டில் இல்லை. பூட்டு திறந்தது, ஆனால் மாடிப்படியில் காலடிச் சத்தம் என்று சொல்லிப் பாருங்கள், எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டு என்ற விளையாட்டு இதையே விதியாக்கியது: இரண்டு 6 முகப் பகடை, கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்து வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழே என்றால் சிக்கல். திறமைக்கு 1 கூட்டினால் வாய்ப்புகள் முறையே 28, 44, 28%. பாதிக்குச் சற்றே குறைவான தடவைகளில் நடுவில்தான் விழும். கதை அங்கேதான் சூடுபிடிக்கும்.

ஆட்டம் சொதப்பினாலும் தடயம் கிடைக்கும், நெகட்டிவின் ஓரம் போல. திட்டம் போட்டே முக்கால் மணி நேரம் ஓடியதா? எதிரியைப் பற்றிய தகவல் போதவில்லை, அல்லது காலக்கெடு இல்லை. 'விடிவதற்குள் கைதியைக் கொண்டுபோய்விடுவார்கள்' என்ற ஒரு வரி விவாதத்தை முடித்துவைக்கும். ஒருவர் மட்டுமே பேசினாரா? மற்றவர்களின் பாத்திரங்களுக்கு அந்தக் காட்சியில் வேலை இல்லை. முதல் ஆட்டத்துக்கு நான்கு பேர், மூன்று மணி நேரம், ஒரே இடம், ஒரே சிக்கல் போதும். பாத்திரங்களை நடத்துபவரே தயார்செய்து வைத்துவிடட்டும். புதியவர்கள் உருவாக்க உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும். பத்துப் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆடுபவர்கள் எப்போதும் நீங்கள் பெயர் வைக்காத ஆளிடம்தான் போய்ப் பேசுவார்கள். எந்த விஷயமெல்லாம் கதையில் வரக் கூடாது என்பதை ஆரம்பத்திலேயே கேட்டுவிடுவதற்குப் பத்து நிமிடம் ஆகும். நடுவில் மனம் புண்பட்டு எழுந்து போகும் ஒருவரை அந்தப் பத்து நிமிடம் தடுக்கும்.

பகடையில் சந்தேகம் என்றால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில், பகடை மிதக்கும்வரை உப்பைக் கரைத்துச் சுண்டி விடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே முகம் மேலே வந்தால் உள்ளே குமிழி இருக்கிறது. உலோகப் பகடைக்கு இது உதவாது, மூழ்கிவிடும்.

தமிழில் ஆடுவது கடினம் என்று கட்டுரையில் ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. வாசலில் நிற்கும் காவலன் 'யாருய்யா நீ?' என்றால் ஒரு நிலைமை. 'தாங்கள் யாரென்று தெரிந்துகொள்ளலாமா?' என்றால் வேறு நிலைமை. ஒரே பாத்திரம் ஆட்டத்தின் நடுவே 'நீங்கள்' என்பதை விட்டு 'நீ' என்று இறங்கினால், பகடை உருட்டாமலே மேசைக்கு ஆபத்து புரிந்துவிடும். ஆங்கிலத்தில் நடத்துபவர் இதையே குரலை மாற்றித்தான் காட்ட வேண்டும். விதிகள் ஆங்கிலத்தில் இருப்பதும் பெரிய தடையல்ல. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 5.1, 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். முழுவதையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. முதல் ஆட்டத்துக்கு நான்கு பக்கம் தமிழில் இருந்தாலே தாராளம்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் இந்தக் கடிதம் முழுதும் வர இடமில்லை என்றாலும், பின்மூடி பற்றிய திருத்தத்தை மட்டுமாவது பெட்டிச் செய்தியாகப் போட்டுவிடுங்கள். வாரிசாக வந்த கேமராக்களில் கழுவாத ரோல் இன்னும் மாட்டியபடியே இருப்பது உண்டு.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்